காட்டோரச் சிற்றூருக்குப் பொழுதுபோக்குத் திட்டம்: முதல் கூட்டத்திலிருந்து முதல் மழை வரை

காட்டை ஒட்டிய சிற்றூரில் நடைபாதை போடலாம், சைக்கிள் தடம் போடலாம், பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கலாம் என்று பேச்சு எழுந்த ஒரே வாரத்தில் ஊர் இரண்டாகிவிடும். வெளியிலிருந்து நாலு பேர் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்பார்கள் ஒரு சாரார். அந்த நாலு பேர் வந்தால் காடு பிழைக்காது என்பார்கள் மறு சாரார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால் யார் சொல்வது சரி என்று முடிவு கட்டும் வேலையை விட்டுவிடுங்கள். இரு தரப்பின் பேச்சையும் ஒரே வரைபடத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போவது. உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், குழு சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் ஊர்க்காரர்களுக்கும் இது பயன்படும்.

தொடங்கும் முன் ஒன்று. நுழைவு வளைவு, பெயர்ப்பலகை, பெஞ்ச் ஆகியவற்றுக்கு இப்போதே ஆர்டர் கொடுக்காதீர்கள். வளைவு நின்றுவிட்டால் பாதை அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். அந்த இடம் பாதைக்குச் சரியானதா என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

படி 1: கவலைகளை இடமாக்குங்கள்

முதல் கூட்டத்தில் திட்டம் எதையும் காட்ட வேண்டாம். ஊரும் காடும் தெரியும் ஒரு பெரிய வரைபடத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். பக்கத்தில் பென்சிலும் வண்ணக் குண்டூசிகளும் இருக்கட்டும். வருகிறவர்களிடம் இரண்டே கேள்விகள்: காட்டில் நீங்கள் எங்கே போவீர்கள்? அங்கே எது நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?

“காடு கெட்டுப்போகும்” என்று ஒருவர் சொன்னால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. மறுக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. அவரை வரைபடத்துக்கு அருகே அழைத்து, “எந்த இடம் என்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். விரல் ஓடையைத் தேடிப் பிடித்து, அதற்கு மேலே உள்ள சரிவில் நிற்கும். “இங்கே மழைக்காலத்தில் மண் சரியும். ஆள் நடமாட்டம் கூடினால் தண்ணீரெல்லாம் கலங்கிப்போகும்” என்பார். இப்போது அந்தக் கவலைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது, ஒரு பருவமும் கிடைத்துவிட்டது. பாதையை எங்கே போடக் கூடாது என்ற முதல் தகவலையும் அவரே தந்துவிட்டார்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: எங்கே, எப்போது, என்ன நடக்கும், நடந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும். நான்காவது பத்திதான் முக்கியம். “வேர் வெளியே தெரியும்”, “ஓடைத் தண்ணீர் காப்பி நிறமாகும்”, “என் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்” என்று எதுவாகவும் இருக்கலாம். பின்னால் கண்காணிப்புக்கு வேண்டிய பட்டியல் இங்கிருந்துதான் வரும்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வது அவற்றுக்கு மேலே இருக்கிறது. எந்தப் படியில் நிற்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கருத்து மட்டும்தான் கேட்கிறோம் என்றால் அதைச் சொல்லுங்கள். எல்லாம் உங்கள் கையில் என்று சொல்லிவிட்டு, முடிவான வரைபடத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வந்தால் ஊர் மறுபடி உங்களை நம்பாது.

கூட்டத்துக்கு வராதவர்கள்தான் காட்டை அதிகம் பயன்படுத்துபவர்களாக இருப்பார்கள். விறகு பொறுக்குபவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், காளான் எடுப்பவர்கள், விடிகாலையில் தனியாக நடப்பவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதைகள் அவர்களுக்குத் தெரியும்.

படி 2: எது யார் கையில் என்று பிரித்தறியுங்கள்

“நம் காடு” என்று ஊர் சொல்வது, தாள்களில் நான்கைந்து பேர் கையில் இருக்கலாம்: வனத்துறை, உள்ளாட்சி, தனியார், நீர்வளத்துறை, மின்கம்பி செல்லும் பகுதிக்கு மின்துறை. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு நிறத்தில் தீட்டுங்கள். நுழையும் உரிமையும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது. வேறு பல நாடுகளில் அனுமதி இல்லாமல் காலடி வைப்பதே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதை உங்கள் கையில் இருக்கும், ஆனால் இருபுறமும் நிற்கும் மரங்கள் வேறொருவர் கையில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் டெர்பி என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் தகரச் சுரங்கத்தால் வாழ்ந்து, சுரங்கம் மூடியபின் சோர்ந்துபோன ஊர். 2015-இல் அங்கே மலைச் சைக்கிள் தடங்கள் திறக்கப்பட்டன. 2017-இல் உலகத் தொடர் பந்தயம் ஒன்றே அங்கே நடக்கும் அளவுக்குப் பெயர் பெற்றது. ஆனால் தடங்களை ஒட்டிய காடுகளில் மரம் வெட்டும் திட்டமும் அரசிடம் இருந்தது. அது தெரியவந்ததும் எதிர்ப்பும் போராட்டமும் கிளம்பின. சைக்கிளுக்காக வருபவர்கள் அந்தக் காட்டையும் பார்க்கத்தானே வருகிறார்கள்?

அதனால் பாதை வரையும் முன் வனத்துறையிடம் கேளுங்கள்: அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் இந்தப் பக்கம் வெட்டுத் திட்டம் இருக்கிறதா? எந்தப் பகுதி, எந்த ஆண்டு? பாதையின் இருபுறமும் எத்தனை மீட்டர் விட்டுவைப்பீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும், கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசிக்கப்படட்டும்.

படி 3: நடந்து பாருங்கள், அதுவும் மழையில்

வெயில் நாளில் எல்லா இடமும் பாதைக்கு ஏற்ற இடமாகத்தான் தெரியும். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, மண் எங்கே செருப்பில் அப்பிக்கொண்டு வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் நடந்து நடந்து தானாக உருவான தடங்களையும் செல்போன் ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுபவை அவை. ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்கள், விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் மாதங்கள், சருகு காய்ந்து கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றில் ஒரு முறையாவது போய்வர வேண்டும். ஓராண்டு தாமதமாகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். அந்த ஓராண்டு வீண்போகாது.

படி 4: காட்டை முழுவதும் திறக்காதீர்கள்

சுற்றுலாச் சூழலியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று, கேட்பவர்களுக்கு முதலில் வியப்பாக இருக்கும். இதுவரை கால் படாத இடத்தில் முதலில் நடக்கும் கொஞ்சப் பேர்தான் செடிகளுக்கும் மண்ணுக்கும் பெரும் சேதத்தைச் செய்கிறார்கள். அதன்பின் கூட்டம் பலமடங்கு ஆனாலும் சேதம் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஆக, “கூட்டம் சேராமல் காடு முழுக்கப் பரவட்டும்” என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. உறுதியான மண் உள்ள சில தடங்களில் ஆட்களைச் சேர்த்து நடக்கவிட்டு, மற்ற இடத்தைத் தொடாமல் விடுவதுதான் காட்டுக்கு நல்லது.

படி 1-இல் குத்திய குண்டூசிகளைப் பார்த்து மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். ஊரை ஒட்டிய பகுதியில் திடல், கழிப்பறை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகக்கூடிய குட்டையான சுற்றுப்பாதை. நடுவில் நடைக்கும் சைக்கிளுக்கும் தடங்கள். அதற்கு அப்பால் எந்த வசதியும் இல்லாத காடு. பாதைகளை முடிந்தவரை வட்டமாகப் போடுங்கள். போன வழியே திரும்ப வேண்டியிருந்தால் ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தீர்மானிப்பது பாதையின் நீளம் அல்ல, பார்க்கிங்கின் அளவு. முப்பது வண்டி நிறுத்த இடம் வைத்தால் முப்பது வண்டிக்கு உரிய கூட்டம் வரும். சாலையோரம் நிறுத்த வழியில்லாமல் செய்துவிட்டால் அதைத் தாண்டி அதிகம் வராது. வீட்டு வாசலில் வண்டி நிற்குமே என்று பயந்தவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலும் இங்கேதான் இருக்கிறது. சின்னதாகத் தொடங்குங்கள். பின்னால் பெரிதாக்கலாம், ஆனால் போட்ட பார்க்கிங்கைச் சுருக்கிய ஊரை நான் பார்த்ததில்லை.

படி 5: பாதை போடுவது என்பது தண்ணீரை வழியனுப்புவது

காட்டுப் பாதையைக் கெடுப்பது கால்களைவிடத் தண்ணீர்தான். பாதை நேராகச் சரிவில் இறங்கினால் மழைநீருக்கு அது வாய்க்காலாகிவிடும். மண் அரித்து நடுவே பள்ளம் விழும். ஆட்கள் பள்ளத்தை ஒதுக்கி ஓரமாக நடப்பார்கள், ஓரமும் தேயும், மறுபடி ஒதுங்குவார்கள். ஓரடிப் பாதை சில ஆண்டுகளில் வண்டிப்பாதை அகலத்துக்கு வந்துவிடும்.

இதைத் தவிர்க்க, பாதை போடுபவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பாதையின் ஏற்றம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு, மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது. மலைச்சரிவு 16 சதவீதம் என்றால் பாதையின் சரிவு 8 சதவீதத்துக்குள். அப்போதுதான் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போகும். இல்லாவிட்டால் பாதையோடு சேர்ந்து ஓடும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால் சரிவு 10 சதவீதம், 18 செ.மீ. இருந்தால் 18 சதவீதம். முதலில் மலைச்சரிவில் அளந்து, பிறகு பாதை போகும் திசையில் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து செய்தால் பாதையின்மேல் அவர்களுக்கு ஒரு பாசமும் வரும்.

பாதையின் மேற்பரப்புக்குப் பள்ளத்துப் பக்கமாக 5 சதவீத அளவில் வாட்டம் கொடுங்கள். வீட்டு மொட்டைமாடிக்கு வாட்டம் கொடுப்பது போலத்தான். அப்புறம், நீண்ட இறக்கங்களில் நடுநடுவே சில அடி தூரம் பாதை மேலேறி மறுபடி இறங்கட்டும். ஓடி வரும் தண்ணீர் அந்த மடிப்பைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும். சமதளத்தைக் கூடுமானவரை தவிருங்கள். அங்கே தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, சேறுதான் மிஞ்சும்.

படி 6: மரமும் தீயும்

பாதையோரத்தில் மரம் வெட்டுவது பற்றித்தான் ஊரில் அதிகச் சண்டை வரும். பட்டமரம் எல்லாவற்றையும் ஆபத்து என்று வெட்டிவிடக் கூடாது. மரங்கொத்திக்கும் பொந்தில் வாழும் மற்றவற்றுக்கும் அதுதான் வீடு. விழுந்தால் அடிபட ஆளோ பொருளோ இருக்கும் இடத்தில் மட்டுமே அது ஆபத்து. மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் பார்க்கிங், பெஞ்ச், கூடாரம் போன்று ஆட்கள் நின்று தங்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெஞ்சை நகர்த்த முடியுமா என்று முதலில் யோசியுங்கள். மரத்தை வெட்டுவது அதற்கு அப்புறம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த மரம், ஏன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வெட்டுங்கள். மரங்களில் திடீரெனப் பெயின்ட் அடையாளம் தென்பட்டால் காட்டையே வெட்டப்போகிறார்கள் என்று பேச்சு பரவிவிடும். சில இடங்களில் அந்த அடையாளம் “இதை விட்டுவை” என்பதாகக்கூட இருக்கும். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று வனத்துறையிடம் கேட்டு ஊரின் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

தீயைப் பற்றிய பயம் நியாயமான பயம். அமெரிக்காவில் காட்டுத்தீக்களில் சுமார் 85 சதவீதம் மனிதர்களால் ஏற்படுபவை என்று அந்நாட்டுத் தேசியப் பூங்காத்துறை சொல்கிறது. திட்டத்தில் இதற்கு நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விளையாட்டுத் திடலையும் பார்க்கிங்கையும் வீடுகளுக்கும் காட்டுக்கும் நடுவே அமைத்தால் நெருப்பு தரையோடு பரவி வருவதற்கு அது தடையாகும். ஆனால் காற்றில் பறந்து வரும் தீப்பொறியை அது தடுக்காது. தீப்பொறிகள் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். அதனால் கட்டடம் எதுவானாலும், திடலில் இருக்கும் சின்னக் கொட்டகை உட்பட, சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டருக்குள் சருகு, விறகு, காய்ந்த புதர் எதுவும் இருக்கக் கூடாது. கூரையிலும் மழைநீர்த் தகரத்திலும் சேரும் சருகை அள்ள ஆள் வேண்டும். பார்க்கிங்கிலிருந்து வெளியேற இரண்டு வழி, தீயணைப்பு வண்டி திரும்ப இடம், இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

நெருப்பு மூட்ட அனுமதிப்பதானால் கட்டிய அடுப்பில் மட்டும். அணைப்பதற்கு விதி ஒன்றுதான்: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, பிறகு புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு மணிக்கணக்கில் கிடக்கும். வறண்ட நாட்களில் பாதையை மூடுவது யார், எந்த அளவுகோலில் என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். காற்று சுழன்றடிக்கும் நாளில் அதற்காகக் கூட்டம் கூட்ட முடியாது.

படி 7: செருப்பிலும் விறகிலும் வருவது

நியூசிலாந்தின் வைடாகெரே மலைக்காட்டில் கௌரி என்னும் பெருமரங்களைக் கொல்லும் நோய், மண் வழியாகப் பரவியது. நடப்பவர்களின் செருப்பில் ஒட்டிய மண்ணே போதும். அந்த நிலத்தின் மவோரி மக்கள் 2017 டிசம்பரில் தங்கள் மரபுப்படி காட்டுக்குள் நுழைவதற்குத் தடை அறிவித்தார்கள். 2018-இல் ஆக்லாந்து நகராட்சியும் காட்டுப் பகுதியை மூடியது. பின்னர் பலகைப் பாதைகளும் ஜல்லி பரப்பிய தடங்களும் அமைத்து, ஒவ்வொன்றாகத்தான் திறந்தார்கள். வாசலிலேயே செருப்பைத் தேய்த்துக் கழுவும் இடம் வைத்தார்கள்.

விறகும் இப்படித்தான். ஆஷ் மரங்களைத் துளைக்கும் ஆசிய வண்டு ஒன்று 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான மரங்கள் மடிந்தன. அது நெடுந்தூரம் பரவியதில் முகாமிடுபவர்கள் கொண்டுபோன விறகுக்குப் பெரும் பங்கு உண்டு. நுழைவிடத்தில் ஒரு தூரிகையும், “வெளி விறகு கொண்டுவராதீர்கள்” என்ற பலகையும் வைக்க ஆகும் செலவு மிகக் குறைவு.

விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது, குப்பைத்தொட்டி விலங்கு திறக்க முடியாததாக இருக்க வேண்டும், கூடு கட்டும் பருவத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாத தூரத்தில் அவசரம் வந்தால் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது பெரியவர் நடையில் 70 தப்படி தள்ளிப் போக வேண்டும் என்பதைக் கூச்சப்படாமல் பலகையில் எழுதுங்கள்.

படி 8: எதைக் கண்டால் நிறுத்துவோம்?

“இந்தக் காடு எத்தனை பேரைத் தாங்கும்?” என்று எல்லா ஊரும் கேட்கும். மேய்ச்சல் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்ற கணக்கிலிருந்து வந்த கேள்வி அது. மனிதர்களுக்கு அது சரிவராது. பத்துப் பேர் செய்யும் சேதத்தை நூறு பேர் செய்யாமலும் இருக்கலாம். 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள்: எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்கத் தயார்?

உங்கள் நோட்டின் நான்காவது பத்தியை இப்போது எடுங்கள். ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஓர் எல்லையும், அதைத் தாண்டினால் செய்ய வேண்டியதும் எழுதுங்கள். பாதையின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டினால் அந்தத் துண்டு ஒரு பருவத்துக்கு மூடப்படும். மழைக்குப்பின் ஓடை கலங்கல் இரண்டு நாளில் தெளியாவிட்டால் மேலே உள்ள வாட்டம் சரிசெய்யப்படும். தெருவில் மாதத்துக்கு மூன்று முறைக்கு மேல் வண்டிகள் நின்றால் பார்க்கிங் ஏற்பாடு மாறும். இந்த எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் எண்களை ஊர்தான் கூடிப் பேசி வைக்க வேண்டும். திறக்கும் முன்பே பாதை நெடுகப் பத்துப் பதினைந்து இடங்களில் முளை அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே திசையில் போட்டோ எடுத்துவையுங்கள். அந்தப் போட்டோக்கள் இல்லாவிட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதைப் பற்றியே பின்னால் சண்டை வரும்.

படி 9: பாதியைத் திறந்து, முதல் மழைவரை காத்திருங்கள்

பாதை போடும் பணம் ஒருமுறை வரும், நன்கொடையாகக்கூட வரும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்வெட்டியோடு போய் அடைபட்ட வாட்டத்தைத் திறந்துவிடும் ஆளுக்கு அப்படி யாரும் தரமாட்டார்கள். அந்த ஆள் யார், மாதம் எத்தனை மணி நேரம், கூலி எங்கிருந்து என்பது முடிவாகும்வரை முழு நீளத்தையும் போடாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் பராமரிக்க ஆள் இருந்தால் ஐந்து மட்டும்.

பொதுக் காடுகளை ஊர்கள் எப்படிக் காக்கின்றன என்று பல நாடுகளில் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். காடு அரசுடையதா, தனியாருடையதா, ஊருடையதா என்பதைவிட, அதைப் பயன்படுத்துபவர்களே தொடர்ந்து கண்காணிக்கிறார்களா என்பதுதான் காட்டின் நிலையோடு அதிகம் பொருந்திவந்தது என்று அவரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கண்டார்கள். ஆக, கண்காணிப்புக் குழுவில் திட்டத்தை எதிர்த்தவர்களைக் கட்டாயம் சேருங்கள். ஓடைச் சரிவைக் காட்டியவருக்கு ஓடை முளைகளின் பொறுப்பைக் கொடுங்கள். அவர் கண்ணில் படாதது வேறு யார் கண்ணிலும் படாது.

முதல் கட்டமாக ஊரை ஒட்டிய சுற்றுப்பாதையை மட்டும் திறந்துவிடுங்கள். முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும், அதே வரைபடம், அதே நோட்டு, ரசமட்டம் வைத்த அதே கட்டையோடு குழு முழுவதும் நடக்கட்டும். ஒவ்வொரு முளையிலும் நின்று மறுபடி போட்டோ எடுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.